நான் எடுத்த படம்

கனடாவிலிருக்கும் அண்ணன், முல்லைத்தீவு முள்ளியவளையிலிருந்த என்னை அழைத்துக் கப்பல் சுற்றுலா கூட்டிப்போனார். சிறிய தீவொன்றில் கப்பல் நின்றதும், கரையில் பார்க்கக்கூடியவற்றின் பட்டியலை வாசித்தார்.

“கடல்குளிப்பு, படகோட்டம், புயலடிச்ச ஊர். எது வேணும்?”

கடல்தான் முல்லைத்தீவிலும் இருக்கிறதே!

“புயலடிச்ச ஊரைப் பாப்பம் அண்ணை.”

அந்த ஊரில் போய் நின்ற பஸ்ஸின் ஜன்னலால் கூரையில்லாத வீடொன்றைப் படமெடுத்தேன். உள்ளே ஒரு பெண் அடுப்பூதிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, வாசலில் துணி கட்டி மறைத்தாள்.

யுத்தம் முடிந்த கையோடு, பஸ்களில் வந்தவர்கள் கூரையிழந்த எங்கள் வீட்டைப் படமெடுத்தபோது, அம்மாவும் இப்படித்தான் சீலை கட்டி மறைத்தார். வந்தவர்களை நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

“இறங்கேல்லையோடா?” என்றார் அண்ணன்.

இறங்கவில்லை. அவளுக்கும் ஒரு மகன் இருந்தால் என்னைத் திட்டியிருப்பான். திட்டட்டும்.