நாலு கோர் கேட்டவன்

எனக்கு உயரம் ஆகாது. ஆற்றுக்கு மேலே நூறடி உயரத்தில் நிற்கும் மாத்தூர் தொட்டிப்பாலம் எங்கள் ஊர் அருமனையிலிருந்து கொஞ்ச தூரம்தான். கல்யாணமான புதிதில் மனைவியை அங்கே கூட்டிப்போனேன். பாதிப் பாலத்தில் கால் நடுங்க, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவள் அக்கரை வரை நடந்து, கீழே ஆற்றை எட்டிப் பார்த்து, திரும்பி வந்து என்னை எழுப்பினாள். தலை சுற்றுகிறது, காலையில் சரியாகச் சாப்பிடவில்லை என்று சமாளித்தேன்.

பிறகு அவள் மஸ்கட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போனாள். நான் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிற என் சின்னக் கடையோடு, அம்மாவையும் மகளையும் பார்த்துக்கொண்டு இங்கேயே இருந்தேன். பார்த்துக்கொண்டது அம்மாதான், நான் கூட இருந்தேன். ஒரு மாதமாவது வந்து இருங்கள் என்று வருஷந்தோறும் கூப்பிடுவாள். மழை, கடை, மகளுக்குப் பரீட்சை என்று ஏதாவது ஒரு சாக்குச் சொல்வேன். விமானத்தில் ஏறப் பயம் என்று மட்டும் சொல்ல வாய் வராது. அவள் லீவு முடிந்து திரும்பும் நாளில், தோட்டத்துக்கு மேலே எந்த விமானம் போனாலும் நானும் மகளும் முற்றத்தில் நின்று கைகாட்டுவோம்.

2009 வாக்கில், நாகர்கோவிலில் பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுக்கும் கடை ஒன்றில் விமானம் ஓட்டும் விளையாட்டைப் பார்த்தேன். திரையில் திருவனந்தபுரத்து ஓடுபாதை விலகிக் கீழே போனது, கடல் வந்தது, மேகம் வந்தது. நான் எதையும் பிடித்துக்கொள்ளவே இல்லை. தினமும் இப்படிப் பறந்து பழகினால் ஒருநாள் நிஜமாகவே ஏறிவிடலாம் என்று தோன்றியது. அந்த ஆசையை யாரிடமும் சொல்லவில்லை.

கடைக்காரர் விவரமானவர். "அண்ணே, இந்தக் கேமுக்கு ரெண்டு கோர் பிராசஸர் போதும், வேகம் கூடினதா எடுங்க. நாலு கோருல வேகம் கொறவு."

"கோர்ன்னா என்னது?"

"உள்ள இருக்கிற வேலைக்காரன்னு வச்சுக்கிடுங்க. இந்தக் கேம் பெரும்பாலும் ஒருத்தன்கிட்டதான் வேலை வாங்கும்."

கேட்டுக்கொண்டுதான் வந்தேன். கம்ப்யூட்டருக்கு மூளையான அந்தப் பிராசஸரை மட்டும் மஸ்கட்டிலிருந்து வாங்கி வரும்படி மனைவியிடம் சொல்லியிருந்தேன். ஆனால் எங்கள் ஊரில் வளைகுடாவிலிருந்து வருகிறவர்களிடம் எதையும் குறைத்துக் கேட்கிற வழக்கம் கிடையாது. சோப்பு என்றால் நாலு, சென்ட் என்றால் நாலு, டார்ச் லைட்கூட நாலு. அந்தப் பழக்கம் என் நாக்கிலேயே இருந்தது. லீவுக்கு வருமுன் என் மனைவி போனில், "பிராசஸர் ரெண்டு கோரா, நாலு கோரா? சரியா சொல்லுங்க, பிறகு மாத்த முடியாது" என்று கேட்டாள்.

"அங்கேருந்துல்லா வருது, பின்ன ரெண்டு என்னத்துக்கு? நாலாவே எடு."

"கடைக்காரர் என்ன சொன்னாரு?"

"அவருக்கு என்ன தெரியும்!"

பெட்டிக்குள் பிஸ்தாப் பொட்டலங்களுக்கு நடுவே, டர்க்கித் துண்டில் சுற்றி அதைக் கொண்டு வந்தாள். கடைக்காரர் பூட்டிக் கொடுத்தார். மழைக்காலம், ரப்பர் மரங்களில் பால் வெட்டு நின்று கடையும் பாதி நாள் பூட்டிக் கிடந்தது. மதியச் சாப்பாடு ஆனதும் நான் பறக்கத் தொடங்குவேன். ஜன்னலுக்கு வெளியே ரப்பர் இலைகளில் மழை கொட்டும். திரையில் வெயில். எங்கள் ஜில்லா அதில் வெறும் பச்சைப் பாயாகக் கிடந்தது. மாத்தூர் பாலம் இல்லை, இரணியல் ஸ்டேஷன் இல்லை, எங்கள் வீடும் இல்லை. இங்கேதான் நம் கிணறு இருக்கும் என்று கணக்காக நினைத்துக்கொண்டு அந்தப் பச்சையையே சுற்றிச் சுற்றி வருவேன். அப்படியே மஸ்கட்டுக்கும் கிளம்பினேன். அப்போதுதான் தெரிந்தது, அந்த விமானம் கிளம்பியதுமே மேற்கே கடலுக்குள் திரும்பிவிடும், எங்கள் ஊர்ப்பக்கமே வராது என்று. இத்தனை வருஷம் நாங்கள் கைகாட்டியது இலங்கைக்கோ மாலத்தீவுக்கோ போன யாருக்கோ.

கடல்மேல் எல்லாம் சுகம்தான். இறங்கப் போகும்போது, கட்டடங்கள் நெருங்கியதும், படம் திக்கும். இறக்கை அந்தரத்தில் நிற்கும், ஒரு குதி குதிக்கும், மறுபடி நிற்கும். பாலத்தில் வந்த அதே நடுக்கம் என் காலில் ஏறும். பயம் போக வாங்கியது பயத்தைக் கூட்டியது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் கடைக்காரருக்குப் போன் செய்து, அவர் சொன்னபடி பிராசஸர் எப்படி ஓடுகிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்தேன். கோருக்கு ஒன்றாக நாலு கட்டங்கள். ஒன்றில் பச்சைக் கோடு உச்சியை முட்டிக்கொண்டிருந்தது. மற்ற மூன்றிலும் தரையோடு தரையாகக் கிடந்தது.

சாயா கொண்டு வந்த மனைவி எட்டிப் பார்த்துவிட்டு விவரம் கேட்டாள். சொன்னேன். சிரித்துவிட்டாள்.

"ஒண்ணு கெடந்து மாடா உழைக்கு, மூணு வேடிக்கை பாக்கு. நம்ம வீடு போலத்தான் இருக்கு, கேட்டியளா."

அம்மாவும் மகளும் அடுக்களையில் இருந்தார்கள். நல்லவேளை, காதில் விழவில்லை. எனக்குச் சுருக்கென்றது. விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் சிரிப்பு நின்ற பிறகும் அந்த நாலு கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். லீவுக்கு வந்து இருபது நாள் ஆகியிருந்தது.

"எனக்கு ஏறப் பயமாக்கும்" என்றேன். எப்படி வந்ததோ, வந்துவிட்டது.

"அது பாலத்துலயே தெரியும்."

"பின்ன எதுக்கு வருஷா வருஷம் கூப்பிட்ட?"

"ஒரு நாளாவது வாயத் தொறந்து சொல்லுவியளான்னுதான்."

அந்த வருஷக் கடைசியில் நான் ஏறினேன். விளையாட்டில் ஒரு தடவைகூட ஒழுங்காக இறங்காமலேதான். கிளம்பும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். எங்கேயும் திக்கவில்லை. நெடுநேரம் கழித்துத் திறந்தால், ஜன்னலில் மேகம் வெள்ளை வெளேரென்று அசையாமல் கிடந்தது. தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்றே தெரியவில்லை. கீழே யாராவது முற்றத்தில் நின்று கைகாட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் ராத்திரி டூட்டி முடிந்து நேராக விமான நிலையத்துக்கு வந்திருந்தாள். "பயந்தியளா?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். டாக்சியில் ஏறியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். வழி நீண்டுகொண்டே போனது. தோள் மரத்துவிட்டது. நான் அசையவில்லை. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில், அவள் சும்மா இருக்க, நான் வேலை செய்தது அன்றைக்குத்தான்.