பன்றிக்குக் கொடுத்த துவக்கு

வல்லிபுரத்தார் காலமாகிவிட்டார் என்று துணுக்காய் பஸ் கொண்டக்டர் சொன்னபோது, நான் நெல் ஆலை லொறிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன்.

"எனக்காக உயிரையும் குடுத்திருப்பான்" என்று அவர் கண்ணைத் துடைத்தார். அந்தக் கண்ணில் ஈரம் இருக்கவில்லை.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். வல்லிபுரத்தார் புதுக்குடியிருப்பில் எங்கள் முதலாளிக்கு மெய்க்காவலராக இருந்தவர். வாய்க்காலைத் தன் வயலுக்கு மறித்துவிட்டு, கீழ்வயல்காரர் அடிக்க வருவார்கள் என்று முதலாளி நடுங்கியதால் உண்டான உத்தியோகம் அது. செய்வதையும் செய்துவிட்டுப் பயந்து சாகிற ஆள் அவர்.

மெய்க்காவலர் சுடுவதற்குத் துவக்கு வேண்டுமென்று, அனுமதி கேட்டு ஊர் அதிகாரியான விதானையாரிடம் போனோம். அவர் சிரித்துவிட்டார்.

"மனிசரைக் காக்கிறதுக்கெண்டால் அரசாங்கக் கச்சேரியில தரமாட்டினம். பயிரைப் பண்டியிட்டயிருந்து காக்கிறதெண்டு கேளுங்கோ. ஆனா துவக்கு வயலை விட்டு வெளிக்கிடக் கூடாது."

துண்டு நிலமும் இல்லாத வல்லிபுரத்தாருக்கு அதனால் முதலாளியின் வயல்களில் ஒன்று வந்தது. "இனி அது உனக்குத்தான்" என்றார் முதலாளி. பயிற்சி கொடுக்க பென்ஷன் எடுத்த ஒரு பொலிஸ் சார்ஜன் வந்தார். நெஞ்சை நிமிர்த்தவும் சல்யூட் அடிக்கவும் பழக்கினார். சுடப் பழக்கியதாக எனக்கு நினைவில்லை. பொலிஸார் பரீட்சிக்க வந்த அன்று, வரம்பில் வைத்த சிரட்டையில் ஒரு வெடியும் படவில்லை. "பண்டி பயந்து ஓடினால் காணும், படத் தேவையில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வல்லிபுரத்தார் மீசையை முறுக்கிக்கொண்டார். இந்தக் கோமாளிக் கூத்தைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

துவக்கு ஆலைக்கு வர முடியாது என்பது முதலாளிக்குப் பிறகுதான் உறைத்தது. என்ன செய்வார்? ஆலையில் தான் உட்காரும் கதிரையை வயலுக்குக் கொண்டுபோனார். ஊருக்கே பெரிய மனிதர், பன்றி கலைக்கிற கொட்டிலில் இருந்து நெல் வியாபாரம் பேசினார். காலையில் கதிரையை ஏற்றுவதும் மாலையில் இறக்குவதும் என் வேலையாயிற்று.

முதலாளி கண்ணயரும்போது வல்லிபுரத்தார் துவக்கைச் சாத்திவிட்டுக் களை பிடுங்குவார்.

"லைசென்சுக்குக் காட்டின வயல்தானே அண்ணை, ஏன் பாடுபடுறியள்?"

"லைசென்ஸ் பொய்யெண்டாலும் நெல்லு மெய்தானே தம்பி. என்ர பிள்ளையளுக்கு இதுதான் சொத்து."

கதிர் பால் பிடிக்கும் நேரம் கீழ்வயல்காரர் வந்தார்கள். பெண்களும் வந்திருந்தார்கள்; எவர் கையிலும் ஒரு தடிகூட இல்லை.

"பயிர் கருகுது முதலாளி. கொஞ்சம் தண்ணி விடுங்கோ."

முதலாளி கதிரைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு, "சுடடா!" என்று கத்தினார்.

வல்லிபுரத்தார் தன் வயலை ஒருமுறை பார்த்தார். பிறகு துவக்கைக் கீழே வைத்தார்.

"லைசென்ஸ் பண்டிக்குத்தான், முதலாளி. இவையள் மனிசர்."

முதலாளி செருப்பையும் விட்டுவிட்டு ஓடினார். கீழ்வயல்காரர் வாய்க்காலைத் தாங்களே வெட்டித் திறந்தார்கள். அன்று மாலையே வல்லிபுரத்தாரின் வேலை போயிற்று. வாயால் மட்டும் கொடுத்த வயலும் போயிற்று. விளைந்த நெல்லை முதலாளி அறுத்துத் தன் ஆலையில் குற்றினார். வல்லிபுரத்தார் துணுக்காயில் கூலிக்கு மண் வெட்டப் போனார். இப்படி ஒரு மனிதருடைய சோற்றுக்காக லொறி ஓட்டினேன் என்று நினைக்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

சாவீட்டுக்குக் கீழ்வயல்காரர் அத்தனை பேரும் என் லொறியில் வந்தார்கள். முதலாளியும் வந்தார், கதிரையோடு. வாய்க்கரிசி போடும்போது, ஆலையில் இருந்து கொண்டுவந்த அரிசியை அள்ளிக்கொண்டு முன்னால் நின்றார். வல்லிபுரத்தாரின் மனைவி குறுக்கே கையை நீட்டினார்.

"அவர் விளைவிச்ச நெல்லை எடுத்தனியள். இப்ப அதை அவற்ற வாயில போட வராதேங்கோ."

கீழ்வயல்காரர் தங்கள் மடியில் கட்டிவந்த அரிசியை ஒவ்வொருவராகப் போட்டார்கள். முதலாளியின் கை மூடியபடியே இருந்தது.

போய் வாருங்கள், அண்ணை. நீங்கள் சுடாமல் விட்டவர்களின் அரிசியோடு போகிறீர்கள்.