இயந்திரம் படிக்காத வரிகள்

சூடண்ணன் என்றால் கோழிக்குஞ்சு பொரிப்பகத்தில் எல்லோருக்கும் தெரியும். முட்டைப் பெட்டிகளுக்குச் சூடு வைப்பதால் வந்த பேரா, வாயைத் திறந்தால் கொட்டுகிற சூட்டால் வந்ததா என்று கேட்டவனை அவர் முறைத்த முறைப்பில், அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

பெட்டிகளை நடத்துவது கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரு கோப்பு. அதை எழுதியது அவர் சம்சாரம். இதே இடத்தில் ஆபீஸ் வேலை பார்த்தவள். நாலாம் வகுப்போடு நின்ற புருஷனுக்கும் விளங்கட்டும் என்று எழுதினாள். இடப்பக்கம் பேர், பக்கத்தில் ரெண்டு புள்ளி, வலப்பக்கம் எண். ‘சூடு: 38’. அவ்வளவுதான். ஒரு பெட்டிக்கு உரிய வரிகள் அதன் பேருக்குக் கீழே கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கும். # போட்டுத் தொடங்குகிற வரியை இயந்திரம் படிக்காது, தாண்டிப் போய்விடும். அது மனுஷன் படிக்க.

‘# மீட்டர் அரை டிகிரி கூட்டிச் சொல்லும். அதை நம்பி எண்ணைக் குறைக்காதீங்க.’

‘# பதினெட்டாம் நாளுக்கு மேல முட்டையைத் திருப்பக் கூடாது. உங்களை மாதிரி அதுக்கும் தூக்கத்துல எழுப்பினா பிடிக்காது.’

அவள் கடல் தாண்டி வேலைக்குப் போய் மூணு வருஷம். போனில் இப்போதெல்லாம் “சாப்பிட்டீங்களா?”, “ம்”, “வச்சிடவா?” என்ற மூன்றோடு பேச்சு தீர்ந்துவிடும். அதனால் இவர் தினமும் வேலைக்கு வந்ததும் கோப்பைத் திறந்து திட்டு வாங்கிக்கொண்டுதான் பெட்டிப் பக்கம் போவார்.

அன்று திறந்தால் பன்னிரண்டு வரிதான் இருந்தது. வெறும் பேரும் எண்ணும்.

“யாருய்யா கை வச்சது?”

“நான்தாண்ணே.” புதிதாக வந்த மெக்கானிக், தொந்தியைத் தடவிக்கொண்டு நின்றான். “மெஷின் படிக்காத வரிதானே? குப்பைன்னு அழிச்சிட்டேன். சூடும் அரை டிகிரி அதிகமா இருந்துச்சு, குறைச்சிட்டேன்.”

“பழசு எங்க?”

“அது மேலயே எழுதிட்டேனே.”

சூடண்ணன் கைத்தெர்மாமீட்டரைப் பெட்டிக்குள் வைத்து எடுத்துக் காட்டினார். முப்பத்தேழு. வேண்டியது முப்பத்தேழரை. மெக்கானிக்கின் முகம் முட்டை ஓடு மாதிரி வெளுத்தது. எண்ணூறு முட்டை உள்ளே.

“மன்னிச்சிருண்ணே. பெட்டி மீட்டர்தான் கூட்டிக் காட்டுதா? அதைப் பத்தி என்ன எழுதியிருந்துச்சுன்னு சொல்லு, திரும்பப் போட்டுடறேன்.”

“எல்லாம் சொல்றேன். டைப் அடி.”

முதலில் சூட்டைச் சரிசெய்ய வைத்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, வரி வரியாக, எது எதற்குக் கீழே என்பதோடு சொன்னார். மெக்கானிக் அடித்துக்கொண்டே வந்தவன் நிமிர்ந்தான்.

“‘சட்டையை மாத்திக்கிட்டு வீட்டுக்கு வாங்க, கோழி நாத்தம்.’ இது மெஷினுக்கு எதுக்குண்ணே?”

“மெஷினுக்கு இல்ல. அடிய்யா.”

மூணாம் பெட்டியில் தடுக்கியது. ‘ஈரம்’ என்ற வரிக்கும் ‘விசிறி’ என்ற வரிக்கும் நடுவில் இன்னொரு வரி இருந்தது. நெற்றியைத் தேய்த்தார். வரவில்லை. வெளியே வந்து போன் போட்டார்.

“என்னங்க, இந்நேரத்துல? உடம்பு நல்லாத்தானே இருக்கு?”

“மூணாம் பெட்டி. ஈரத்துக்குக் கீழ என்ன எழுதின?”

அவள் யோசித்தாள். “ஒண்ணும் எழுதலையே. கண்ணுக்கு இதமா இருக்கட்டும்னு வெறும் வரி ஒண்ணு விட்டேன்.”

“வெறும் வரியா!”

“மத்ததெல்லாம்?”

“மத்தது ஞாபகம் இருக்கு.”

இனி ‘வச்சிடவா’ வரப்போகிறது என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“சொல்லுங்க, கேப்போம்,” என்றாள். “முதல் வரியில இருந்து.”