ஊக்கு முனையில் சந்தனம்

எனக்கு எழுபத்திரண்டு வயது. நாலு பேரை வளர்த்து ஆளாக்கினேன். மூன்று நான் பெற்றது, ஒன்று என் நாத்தனார் விட்டுப்போனது. நாலு பேருக்கும் சோறு போட்டது இந்தக் கைதான். இந்தக் கையில் இன்றைக்கும் வளையலில் ஒரு ஊக்கு தொங்குகிறது. தங்க வளையல் வாங்கித் தந்த மகன், இந்தத் துருப்பிடித்த ஊக்கை மட்டும் எடுத்துவிடச் சொல்லிப் பார்த்தான். எடுக்க மாட்டேன். அதற்கு ஒரு ஞாயம் இருக்கிறது.

கள்ளக்குறிச்சியில் ஒரு விவசாயிகள் சங்க ஆபீசில் பெருக்கித் துடைத்து, தண்ணீர் பிடித்து வைத்து, டீ வாங்கிக் கொடுக்கும் வேலையில் பல வருஷம் இருந்தேன். அங்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்த பெண்ணைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நைனார்பாளையத்திலிருந்து காலை பஸ்ஸில் வருவாள். எல்லாருக்கும் அவள் ஆப்பரேட்டரம்மா. அவள் சம்பளத்தில்தான் தங்கச்சி நர்சுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மெலிந்த உடம்பு, வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

வந்ததும் முதல் வேலையாகத் திரையைக் கறுப்பாக்குவாள். படம் கிடையாது, ஒன்றும் கிடையாது. கறுப்பில் வெள்ளை எழுத்து. அதில் ஒரு பேர் அடிப்பாள், அது திரையில் தெரியும். பிறகு ரகசியச் சொல்லை அடிப்பாள், அது தெரியாது. ஒரு புள்ளிகூட விழாது. அந்தச் சொல் சரியாக இருந்தால்தான் விவசாயிகள் பேரெல்லாம் வைத்திருக்கிற இடம் திறக்கும். எனக்குத் திரையைப் படிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவேன். ஆனால் தினமும் பக்கத்தில் துடைத்துக்கொண்டு நின்றதால் அந்தச் சொல்லின் சத்தம் எனக்கு மனப்பாடம். வேகமாக மூன்று தட்டு, ஒரு நிறுத்தல், பிறகு நாலு, கடைசியில் சுண்டு விரலால் ஓரமாக ஒன்று. உரல் சத்தத்தை வைத்தே எந்த வீட்டில் யார் இடிக்கிறார்கள் என்று சொன்னவள் நான். இதுவா பெரிசு?

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் அவளுக்கும் சங்கச் செயலாளருக்கும் லீவு விஷயத்தில் வாய்த் தகராறு. கோபத்தில் அவள், "நான் இல்லன்னா இந்தப் பொட்டி தெறக்காது, பாத்துக்கினே இருங்க" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். சொல்லக்கூடாத வார்த்தை.

பூஜை கழித்து, விடுமுறையும் முடிந்து ஆபீஸ் திறந்த அன்று வெள்ளிமலையிலிருந்தும் அதற்கு மேலே உள்ள ஊர்களிலிருந்தும் ஆட்கள் முதல் பஸ்ஸில் இறங்கி வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். பேரைச் சரிபார்த்துச் சீட்டு கொடுத்தால்தான் விதை எடுத்துக்கொண்டு ரெண்டு மணி பஸ்ஸுக்குப் போக முடியும். ஆப்பரேட்டரம்மா கறுப்புத் திரையில் பேரை அடித்தாள், சொல்லை அடித்தாள், திரை அனுமதி இல்லை என்றது. மறுபடி அடித்தாள். மறுபடியும் அதே பதில்.

அந்தக் கம்ப்யூட்டர் ஏற்பாட்டைச் செய்துகொடுத்த சேலத்துக்காரருக்குப் போன் போட்டார்கள். செயலாளர் எல்லாரும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தார். பெரிய எழுத்துக்கான கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறதா, பேர் சரியாக விழுகிறதா என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். பேர் சரியாக விழுகிறது, அதனால் தட்டச்சுப் பலகையிலும் பழுதில்லை என்று முடிவு கட்டினார். பதில் வருகிறதே, உள்ளே எல்லாம் உயிரோடுதான் இருக்கிறது, வாசலில்தான் நிறுத்துகிறது என்றார். கடைசியாக, "சொல்லை யாரோ மாத்தியிருக்காங்க. அது தெரிஞ்சவங்க யாரு?" என்று கேட்டார்.

தெரிந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

செயலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சாவிய முந்தானையில முடிஞ்சிக்கினு பூட்டு தெறக்கலன்னா எவன் நம்புவான்? பன்னெண்டு மணி வரைக்கும் பாக்கறேன். அப்புறம் வூட்டுக்குப் போய்ட்டே இரும்மா, நாளைக்கு வேற ஆளு வரும்."

அவள் அழவில்லை. திரும்பத் திரும்ப அடித்தாள். நான் வாளியோடு அங்கேயே நின்றேன். மூன்று தட்டு, நிறுத்தல், நாலு. கடைசித் தட்டு கேட்கவில்லை. விரல் போகிறது, சத்தம் இல்லை. ஈரத் துணியைக் குத்தின மாதிரி அமுங்குகிறது. அந்த ஓரத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

பூஜைக்கு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தது நான். அலமாரிக்கு, தராசுக்கு, பெட்டிக்கு. பட்டன் பலகைக்கும் வைத்தேன். நடுவில் வைத்தால் அவள் விரலில் ஒட்டுமே என்று, பிள்ளையார் சுழி போடுகிற இடமாகப் பார்த்து, மேல் வரிசை இடது ஓரத்தில் தாராளமாகவே வைத்தேன். சந்தனம் கொஞ்சம் தண்ணியாக இருந்தது. வழிந்ததை மேலே மட்டும் துடைத்தேன். அந்த மேசையை நான் தொடக்கூடாது என்பது செயலாளர் முன்பே போட்ட உத்தரவு. வாயைத் திறந்தால் என் வேலைக்கும் ஆபத்து. மூடினால் அவள் வேலை போகும். நான் யோசித்தது ஒரு வாளி இறக்கி வைக்கிற நேரம்தான்.

"அவ ஒண்ணும் மாத்தல. நான் வெச்ச சந்தனம் உள்ள எறங்கியிருக்கு" என்றேன்.

செயலாளர் சிரித்தார். "இன்னாம்மா, நீயும் கம்ப்யூட்டர் படிச்சியா?"

"படிக்கல. கேட்டுக்கினு இருந்தேன்."

ஆப்பரேட்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். சட்டென்று வேறொரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, எல்லாரையும் திரும்பி நிற்கச் சொன்னாள். எழுத்து கண்ணுக்குத் தெரிகிற அந்தப் பக்கத்தில் ரகசியச் சொல்லை அடித்துப் பார்த்தாள். "அக்கா, கடைசி ஒண்ணு விழலக்கா" என்றாள். அது எண், பேரில் எண்ணே இல்லாததால்தான் பேர் ஒழுங்காக விழுந்திருக்கிறது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு அந்தப் பட்டனை நெம்பி எடுத்தாள். நான் வளையலில் இருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். அடியில் சந்தனம் காய்ந்து, பருப்பு அளவுக்குக் கட்டியாக இருந்தது. சுரண்டி எடுத்து, பட்டனை மாட்டி, மறுபடி அடித்தாள். மூன்று, நிறுத்தல், நாலு, ஓரத்தில் ஒன்று. டக். திறந்தது.

மலை ஆட்கள் ரெண்டு மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டார்கள். செயலாளர் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். அடுத்த வருஷம் பூஜையில் அவளே சந்தனக் கிண்ணத்தை என் கையில் தந்து, "மேசைக் காலுக்கு வைங்கக்கா, அதுக்கு பட்டன் இல்ல" என்று சிரித்தாள். பிறகு ஒருநாள் கல்யாணமாகி ஓசூர்ப் பக்கம் போய்விட்டாள். போகும்போது என் ஊக்கைக் கேட்டாள். வேறு ஒன்று வாங்கிக் கொடுத்தேன், இதைக் கொடுக்கவில்லை.

இப்போது என் பேத்தி நான் சொல்லச் சொல்லக் கைபேசியில் அடிக்கிறாள். அது முகத்தைப் பார்த்தே திறந்துகொள்கிறது. விரல் பட்டாலும் சத்தம் இல்லை. எது விழுந்தது, எது விழவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? ஊக்கை விரலில் உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எங்க கண்ணு, முதல்லேருந்து சத்தமா படிச்சுக் காட்டு. ஒண்ணு விழாம இருந்தாலும் ஆயா காதுக்குத் தெரிஞ்சிடும்.