ஒன்பதாம் வகுப்பின் இடது கைகள்

மேலகரத்துப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். கணினிப் பொறியியல் படித்த எனக்கு அங்கே தரப்பட்ட பொறுப்புகள்: வகுப்பறைத் திரைகள், கேமராக்கள், வை-ஃபை, தாளாளரின் பிரிண்டர். பிரிண்டர்தான் அதிகம் படுத்தியது.

அந்தச் சாரல் காலத்தில் வகுப்புகளைக் கண்காணிக்க ஒரு மென்பொருள் வாங்கினார்கள். கரும்பலகைக்கு மேல் மாட்டிய கேமரா வழியாக அது சில விஷயங்களை அளக்கும். ஆசிரியர் எவ்வளவு நேரம் பேசுகிறார், பிள்ளைகள் நிமிர்ந்து பார்க்கிறார்களா, கேள்வி கேட்டால் எத்தனை கைகள் உயர்கின்றன. முதல் சோதனை ஒன்பதாம் வகுப்புக் கணக்கு சாருக்கு. அவர் தற்காலிக ஆசிரியர். அந்த ஒரு வகுப்பை வைத்துத்தான் அவரை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று தாளாளர் முடிவு செய்வார்.

புளியறையிலிருந்து பஸ்ஸில் வருவார் சார். ஒரே கணக்கை ஐந்தாவது தடவையும் குரல் உயராமல் சொல்லிக்கொடுப்பார். சுந்தரபாண்டியபுரம் வேன் கிளம்பும்வரை அதன் ஜன்னலருகே நின்று சந்தேகம் தீர்ப்பார். பிள்ளைகளுக்கு அவரிடம் பயமே கிடையாது.

சோதனைக்கு முந்தின நாள் நான் ஏணியில் நின்று கேமராவைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, என்னை ஒரு பொருட்டாக நினைக்காமல் அவர் வகுப்பிடம் பேசினார்.

"ஏலே, நாளைக்கு இது ஓடும். தாளாளர் சார் ரூம்ல இருந்து பாப்பாவ. நல்லா இருந்தாத்தான் என்னை வேலைல வைப்பாவ. கேள்வி கேட்டா எல்லாரும் கையத் தூக்கணும். தெரிஞ்சவங்க வலது கை, தெரியாதவங்க இடது கை. வலது கைக்காரங்களத்தான் எழுப்புவேன். என்ன?"

"சரி சார்!"

"ஏட்டி, சிரிக்காத. சோறு விஷயம்."

மறுநாள் நான் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் டேப்லெட்டுடன் நின்றேன். சார் எளிய கேள்வியாகத்தான் கேட்டார். வகுப்பு முழுக்கக் கை தூக்கியது. அத்தனையும் இடது கை.

சாரின் கண்கள் வரிசை வரிசையாக ஒரு வலது கையைத் தேடின. டேப்லெட்டில் பச்சை விளக்கு எரிந்தது. வேறு வழியில்லாமல் முதல் ரேங்க் எடுக்கும் பெண்ணை எழுப்பினார்.

"மறந்துட்டு சார்."

பெஞ்சுகளுக்கடியில் சிரிப்பு ஓடியது. அடுத்தவனை எழுப்பினார்.

"எனக்கும் மறந்துட்டு சார். அவ சொல்லவும்தான் மறந்துட்டு."

விடையைச் சாரே எழுதினார். அடுத்த கேள்விக்கும் இடது கைகள். அதற்கும் அவரே எழுதினார். அதன்பின் அவர் கேள்வி கேட்கவில்லை.

தாளாளர் அறையில் நான் அறிக்கையைக் காட்டினேன். எல்லாக் கட்டமும் பச்சை. அவர் அதைத் தள்ளி வைத்துவிட்டு வீடியோவை ஓட்டச் சொன்னார்.

"ஏம்மா, எல்லாப் பயலும் இடது கையத் தூக்கிருக்கான், பாத்தியா?"

"பார்த்தேன் சார்."

"நானும் வாத்தியாரா இருந்தவன்தான். அப்போ நானும் இதே வேலைதான் பாத்தேன். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த ஒருத்தனும் கண்டுபிடிக்கல." இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு ஒருத்தன்கூட மாத்தித் தூக்குனதில்ல. தோல உரிச்சிருப்பேன்லா. இவர் நமக்குச் சரிப்பட மாட்டார்."

மாலையில் சார் நனைந்த செருப்போடு என் அறை வாசலில் நின்றார்.

"ரிப்போர்ட் நல்லாருக்குன்னாங்களே, மிஸ்?"

"நல்லா இருக்கு சார். அதை அவர் பார்க்கல. கைகளைத்தான் பார்த்தார்."

"சும்மா விளையாடிருக்குதுங்க மிஸ்," என்றார். பிள்ளைகளுக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது.

மறுநாள் அவர் வரவில்லை. பதிவு செய்த பாடங்களைத் திரையில் ஏற்ற நான்தான் ஒன்பதாம் வகுப்புக்குப் போனேன். முதல் ரேங்க் பெண் எழுந்தாள்.

"சார் எங்க மிஸ்?"

"வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. நேத்து நீங்க செஞ்சதுக்காக."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"சார் கோவப்பட மாட்டாருன்னுதான் மிஸ் அப்படிச் செஞ்சோம்," என்றாள். திரையில் சென்னை ஆசிரியர் ஒருவர் வந்து வணக்கம் சொன்னார்.

"இவருக்கு எங்களத் தெரியுமா மிஸ்?"

"தெரியாது. எப்பவோ பேசி வச்சது."

"அப்ப கேள்வி கேட்டு எழுப்ப மாட்டாருல்லா?" என்றான் பின்பெஞ்சுப் பையன்.

"மாட்டார்."

வகுப்பு மொத்தமும் பெஞ்சைத் தட்டி ஆர்ப்பரித்தது. அவளும் தட்டினாள். நான் ஒலியைக் கூட்டி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.