மொஹிதீன் கண்ட பிறை

பதுளை ஒரு கிண்ணம் மாதிரி. சுற்றிலும் மலை. மற்ற ஊருக்கு முன்னாலேயே எங்களுக்குப் பொழுது மறைந்துவிடும். அதன் பின்னாலேயே இறங்குகிற தலைப்பிறையை நாங்கள் எங்கே காண்பது? நோன்பு இருபத்தொன்பது மாலையில் பிறை கண்டால் மறுநாள் பெருநாள், காணாவிட்டால் முப்பது. அதனால் அநேகமாக ஒவ்வொரு றமழானும் முப்பது நோன்பையும் பிடித்த பிறகுதான் பெருநாள் எடுப்போம். கொழும்பிலிருந்து தந்தி வந்தாலும் எங்கள் பள்ளிவாசலில் தொழவைக்கிற லெப்பை ஏற்கமாட்டார். கம்பி சாட்சி சொல்லாது, கண்டவன் வந்து சொல்லட்டும் என்பார்.

இந்த ஒரு காரியத்தை நெஞ்சில் போட்டுக்கொண்டு வாழ்ந்தவர் என் தங்கை ஸைனபின் மாப்பிள்ளை மொஹிதீன். மௌத்தாகி, அடக்கி மூன்று வருஷமாகிறது. பொட்டணி வியாபாரி, துணி மூட்டையைச் சுமந்து தேயிலைத் தோட்டம் தோட்டமாக, கூலிச் சனம் குடியிருக்கிற லயம் லயமாக ஏறி இறங்கியவர். பெருநாள் அன்று நோன்பு பிடிப்பது ஹறாம் அல்லவா, ஒரு ஊரே தெரியாமல் அதைச் செய்கிறதோ என்பது அவருடைய கவலை. அப்புத்தளை முகட்டில் நின்றால் மேற்கும் தெற்கும் மறைப்பில்லாமல் திறந்து கிடக்கும் என்று கண்டு வைத்திருந்தார். ஒவ்வொரு வருஷமும் நோன்பு இருபத்தொன்பதில் எந்தத் தோட்டத்தில் இருந்தாலும் அங்கே போய் நிற்பார். ஒவ்வொரு வருஷமும் மூடுபனி.

ஒரு முறை பிறை கண்டதாக ஓடி வந்தார். கூடப் போனவரோ, அது யாரோ காட்டுக்கு வைத்த தீயின் வெளிச்சம் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கடைத்தெருவில் அவர் பெயர் பிறை மொஹிதீன். பாத்திரக்கடை ஷுக்ரி, உச்சி வெயிலில் அவரைக் கண்டாலும் வானத்தை அண்ணாந்து பார்ப்பான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டாம் வருஷம் தீபாவளியும் நோன்புப் பெருநாளும் ஒரே வாரத்தில் வந்தன. தோட்டத்துச் சனம் ஒரு பக்கம், எங்கள் சனம் ஒரு பக்கம் என்று என் துணிக்கடையில் கால் வைக்க இடமில்லை. அந்த நெரிசலுக்குள் வந்துதான் மொஹிதீன் கேட்டார்.

"மச்சான், இந்த வருஷம் நீங்களும் வாங்களே. பெருநாளுக்கு ஷவ்வால் பிறை கண்ட ரெண்டு ஷாஹிது வேணும், ரெண்டு சாட்சி. நான் ஒத்தையில கண்டு என்ன செய்ய?"

கடையை யார் பார்ப்பது என்றேன். ஷுக்ரியைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். அது விளையாட்டுக்குச் சொன்னதுதான். அவர் சிரிக்கவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போனார்.

பிறகு நடந்ததெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று பின்னேரம் பெருமழை பெய்து ஓய்ந்தது. வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. விறகுக் கட்டோடு முகட்டுக்கு வந்தாள் கருப்பம்மா என்ற கொழுந்து பறிக்கிற பெண். அவரிடம் தவணைக்குச் சேலை வாங்குகிறவள். நோன்பு திறக்கத் தண்ணீரும், மடியிலிருந்த தீபாவளி முறுக்கும் கொடுத்தாள். அவர் வாயில் போட்டுக்கொண்டு மேற்கைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் கட்டைக் கீழே போட்டுக் கும்பிட்டாள்.

"அந்தா நானா, பெற. நகத்த வெட்டிப் போட்டாப்புல இருக்கு பாருங்க."

அவள் விரல் காட்டிய இடத்தில் அவரும் கண்டார். தெளிவாகக் கண்டார். துஆ ஓதினார். மூட்டையை அவள் லயத்திலேயே போட்டுவிட்டு நடந்தே பண்டாரவளை வந்து, கிடைத்த மாட்டு வண்டியில் ஏறி, மறுநாள் பொழுது ஏறின பிறகு பதுளைப் பள்ளிவாசலுக்கு வந்து சேர்ந்தார். ஊர் முப்பதாவது நோன்பில் இருந்தது. அன்றே பெருநாள் என்று ஏற்றால் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. நானும் அங்கே இருந்தேன். அவர் கால் இரண்டிலும் முழங்கால் வரை சேறு.

லெப்பை பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். எந்தப் பக்கம், எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் நின்றது என்று விசாரித்தார். ஒவ்வொன்றுக்கும் சரியான பதில் வந்தது. கடைசியாக, கூடக் கண்டது யார் என்றார்.

"கருப்பம்மா."

ஷுக்ரி வாயைப் பொத்திக்கொண்டான். இரண்டு மூன்று பேர் சத்தமாகவே சிரித்தார்கள். லெப்பை சிரிக்கவில்லை.

"ஒங்கள நான் பொய்யன் என்று சொல்லல்ல மொஹிதீன். சட்டம் ரெண்டு முஸ்லிம் ஆம்பளையக் கேக்குது. நீங்க கண்டது ஒங்களுக்கு. நீங்க நோன்பு பிடிக்கக் கூடாது, போய்ச் சாப்பிடுங்க. ஊர்க் கண்ணுக்கு மறைவாச் சாப்பிடுங்க. ஊருக்குப் பெருநாள் நாளைக்கித்தான்."

மொஹிதீன் என்னைப் பார்த்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. நான் அந்தக் கல்லாவை ஒரு நாள் பூட்டிவிட்டுப் போயிருந்தால் அப்போதே பெருநாள் தக்பீர் முழங்கியிருக்கும்.

வீட்டில் ஸைனப் நோன்போடு இருந்தாள். ஊரோடு நானும் இருந்துவிடுகிறேன், உங்களுக்குச் சமைத்துத் தருகிறேன் என்றாள். அவளும் நம்பவில்லை என்று அவருக்குப் பட்டது. சமைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மடியில் மிஞ்சியிருந்த முறுக்கைத் தின்றார். சத்தம் வெளியே கேட்காமல் ஊறவைத்து ஊறவைத்துத் தின்றாராம். அதுதான் அவருடைய பெருநாள் சாப்பாடு.

மறுநாள் எல்லோரும் புதுச் சட்டையோடு கட்டித் தழுவிக்கொண்டோம். அவரும் வந்தார். தழுவினார். நாலு நாள் கழித்துக் கொழும்பிலிருந்து சரக்கோடு வந்தவர், மொஹிதீன் கண்ட அதே மாலைதான் அங்கேயும் பிறை கண்டார்கள் என்றார். கேட்டவர்கள் அப்படியா என்றார்கள். அதோடு சரி.

அடுத்த வருஷம் கடையைப் பூட்டிவிட்டு நானும் போனேன். ஏறும்போது நெஞ்சு அடைத்தது. முகட்டுக்கு நாங்கள் போய்ச் சேரவும் கீழிருந்து மூடுபனி ஏறி வரவும் சரியாக இருந்தது. பக்கத்தில் நின்ற அவர் முகமே எனக்கு மங்கலாகத் தெரிந்தது. பொழுது இறங்கி மஃரிப் தொழுத பின்னும் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றோம்.

"இப்ப ரெண்டு ஷாஹிது இரிக்கி மச்சான்," என்றார். "பிறையத்தான் காணல்ல."

இறங்கி வந்து முப்பதாவது நோன்பையும் பிடித்தோம்.