கல்யாணத்தைக் கலைக்கப் பார்த்த ஆன்டிவைரஸ்

“வேண்டாம்னா ஒரு தடவை சொன்னா போதாதா சார்? காலையிலேர்ந்து சொல்லிக்கிட்டே இருக்கணுமா?”

போன வாரம் ஆபீஸ் போனை எடுத்ததும் காதில் விழுந்தது இதுதான். பேசியவர் ராமநாதன். கல்பாக்கத்தில் அரசு வேலை. எங்கள் ஸ்டோர்ஸ் சேகருக்குப் பெண் கொடுக்க முன்வந்தவர். கோபமாகப் பேசுகிறார் என்று நினைத்தேன்... பாதிக்கு மேல் அழுகை.

நான் குப்பை கொட்டுவது மறைமலைநகரில், கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் என்பது வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும். அங்கே மெயில் ஐடி என்பது ரேஷன் கார்டு மாதிரி, குடும்பத்துக்கே பொது. ஜாதகம், வளைகாப்பு படம், துபாய் மாமாவின் நலம் விசாரிப்பு எல்லாம் ஆபீஸ் மெயிலில்தான் வரும். சேகரின் செங்கல்பட்டு வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. ஆகவே பெண்ணின் போட்டோவும் ஆபீஸுக்கே வருவதாக ஏற்பாடு.

வந்ததா? வரவில்லை. வரவிட்டால்தானே!

எங்கள் முதலாளிக்குத் தள்ளுபடி என்றால் உயிர். மெயில் சர்வரில் ஏற்கெனவே வைரஸ் சோதனை இருந்தது. அது போதாதென்று இன்னொரு ஆன்டிவைரஸ் சிடியை வாங்கி, அதையும் சர்வரில் போட வைத்துவிட்டார். புதுசு சும்மா இருக்குமா? மெயில் வந்து இறங்கும் ஃபோல்டரிலேயே போய் உட்கார்ந்துகொண்டது. சர்வர் ஒரு மெயிலை வாங்கி வைக்கும். சந்தேகப்பட்டால் இது பிடுங்கிவிடும். மெயில் வரவில்லையே என்று சர்வர் திரும்பக் கேட்கும். அது திரும்ப வரும். இது திரும்பப் பிடுங்கும்.

பிடுங்குவதோடு விட்டதா? ஒவ்வொரு முறையும் அனுப்பியவருக்கு ஆங்கிலத்தில் ஒரு ஓலை: ‘நீங்கள் அனுப்பியது ஆபத்தானது. ஏற்க மறுத்துவிட்டோம். மீண்டும் அனுப்ப வேண்டாம்.’ அனுப்புநர் இடத்தில் சேகரின் மெயில் ஐடி.

பெண்ணின் போட்டோவை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் ஒரு தகப்பனுக்கு!

நம் ஊரில் பெண் பிடிக்கவில்லை என்று யாராவது நேராகச் சொல்லியிருக்கிறார்களா? ‘ஊருக்குப் போய் போன் பண்றோம்’ என்போம். போன் வராது. அவர்களும் புரிந்துகொள்வார்கள். ‘பையனுக்கு இப்ப அவசரமில்லை’ என்போம். ஆறாம் மாதம் அவனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடக்கும். இத்தனை காலமாகக் கட்டிக் காத்த நாகரிகத்தை, காலை டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் ஒரு சாஃப்ட்வேர் காலி செய்துவிட்டது.

அந்த சிடியைப் போட்டுக் கொடுத்த அன்வர் பாய் வந்து பார்த்தார். செங்கல்பட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர்.

“இன்னா சார் பண்றது, ஒரே வூட்டுக்கு ரெண்டு வாட்ச்மேனு. ஒருத்தன் கதவத் தொறக்கிறான், இன்னொருத்தன் மூடிகினே கீறான். பேஜாருதான். மெயில் வர்ற ஃபோல்டர் பக்கம் போவாதன்னு புதுசுக்குச் சொல்லிட்டா அடங்கிடும்.”

சேகருக்கு அது காதில் ஏறவில்லை. “மெயிலு கெடக்குது வுடுங்க சார். அந்த மனுசன் இன்னா நெனச்சிகினு இருப்பாரு? வண்டிய எடுங்க.”

திருக்கழுக்குன்றம் வழியாக என் ஸ்கூட்டரில் கல்பாக்கம் போய், ராமநாதன் வீட்டு வாசலில் இறங்கினோம். சேகர் கிரீஸ் படிந்த யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. கதவைத் திறந்த ராமநாதன் வாயில் விரல் வைத்தார்.

“மெதுவா பேசுங்க. மாலதி லீவு போட்டுட்டு உள்ள இருக்கா. அவகிட்ட நான் எதுவும் சொல்லல.”

காலையிலிருந்து அத்தனை அடியையும் தனியாக வாங்கிக்கொண்டு, மகள் முன்னால் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர்.

சத்தம் கேட்டு மகளே வந்துவிட்டாள். பொத்தேரியில் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் லேப் பார்க்கிறவள். நான் விஷயத்தைச் சொன்னேன். அப்பாவின் மெயில்களைத் திறந்து பார்த்தாள், சிரிக்க ஆரம்பித்தாள்.

“ஏம்ப்பா, ஸ்டுடியோக்காரன் குடுத்த ஆல்பத்தை அப்படியேவா அனுப்பினீங்க?”

திறந்தால் தானாக ஓடுகிற ஆல்பமாம். பாட்டு பாடும், பட்டாம்பூச்சி பறக்கும், நடுவில் இவள் முகம் வரும்.

“அது போட்டோ இல்லப்பா, புரோகிராம். ஆன்டிவைரஸ் சந்தேகப்படத்தான் செய்யும். வேண்டாம்னு சொன்னது மெஷின். இவர் இல்ல.”

“சாதா போட்டோவை விட இது நல்லா இருந்துச்சும்மா...” என்றார் அப்பா, பரிதாபமாக. காபி வந்தது. கொடுத்தவள் மாலதி. யூனிஃபார்மில் இருந்த கிரீஸையும் அதற்குள் இருந்தவனையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நின்றாள்.

ராமநாதன் தெம்பாகிவிட்டார். “தம்பி, சாதா போட்டோ ஒண்ணு அனுப்பட்டுமா?”

“வேணாம் சார்” என்றான் சேகர். அவர் முகம் மறுபடி வெளுத்தது. “அதான் நேர்லயே பாத்துட்டேனே. எனக்குப் புடிச்சிகீது.”

மாலதி உள்ளே போய்விட்டாள். போகும்போது சிரித்ததை நான் பார்த்தேன்.

திரும்பும் வழியில் சேகர் திடீரென்று வண்டியை நிறுத்தச் சொன்னான். “சார், அடுத்த வாரம் வெள்ளிக்கெழம பொண்ணு பாக்கப் போறதுக்கு அம்மா பட்டுப் பொடவ எடுத்து வெச்சிகீது. அது பாக்காம நான் முன்னாடியே பாத்து, சரின்னும் சொல்லிட்டேன்னு தெரிஞ்சா வூட்ல சோறு கெடைக்காது. அம்மா உங்க பக்கத்த வுடாம படிக்கும். நீங்களே சொல்லிடுங்க சார்.”

சொல்லிவிட்டேன், அம்மா. புடவையை மட்டும் பீரோவில் திரும்ப வைத்துவிடாதீர்கள்.